மைகாட் வைத்திருப்பவரிடம் சுற்றுலா வரி: பகாவ் விடுதியில் எனக்கு நேர்ந்தது

வேலை காரணமாக வெளியூர் சென்று சிறிய விடுதிகளில் தங்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் பகாவ் நகரில் மூன்று இரவு தங்கிய விடுதியில், மலேசியக் குடிமகனான என்னிடம் சுற்றுலா வரி என்று சொல்லி இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 30 வெள்ளி வாங்கினார்கள். புறப்படும் நாளில் முன்பணத்தில் 50 வெள்ளியையும் பிடித்துக்கொண்டார்கள். தொகை சிறியதுதான். ஆனால் தோட்டப்புற ஊர்களுக்கு வேலைக்காக வந்து போகும் லாரி ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஒவ்வொரு இரவும் இப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். செம்பனை ஆலைகளில் லாரிகளை நிறுக்கும் தராசுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வெட்டிய குலைகளைத் தாமதிக்காமல், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெட்டுவிடும் என்பதால், பகலில் தராசை நிறுத்த எந்த ஆலையும் எளிதில் ஒப்புக்கொள்ளாது. கடைசி லாரி போன பிறகுதான் நாங்கள் தராசுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்க முடியும். முதல் நாள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி, நேராக ஆலைக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டு, இரவு பதினொன்றரைக்கு விடுதி முகப்பில் வந்து நின்றேன். அந்த நேரத்தில், கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் களைப்பை நம்பியே இந்த வசூல் நடக்கிறது என்பது என் எண்ணம்.

தொலைபேசியில் பேசியபோது அறைக்கு 80 வெள்ளி, வெந்நீர் உண்டு என்றார்கள். முகப்பில் இருந்த இளைஞர் தமிழர்தான். "அண்ணே, ரூம் எண்பது, வரி பத்து, தொண்ணூறு ஆச்சு. முன்பணம் நூறு வெள்ளி தனி" என்றார். என்ன வரி என்று கேட்டதற்கு, "சுற்றுலா வரிண்ணே, எல்லாரும் கட்டுறதுதான்" என்று சொல்லிக்கொண்டே என் அடையாள அட்டையான மைகாட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் இந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கான சான்று அவர் கையில் இருக்கும்போதே அந்த வரியைக் கேட்டார் என்பதை நான் மறக்க மாட்டேன். அவர் கொடுத்த ரசீது கார்பன் தாள் வைத்து எழுதியது. "சுக்காய் 10 x 3" என்று மட்டும் எழுதி (சுக்காய் என்றால் மலாயில் வரி), அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து இட்டிருந்தார். மேலே விடுதியின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வெந்நீர்க் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் மட்டும் சுடவில்லை. குளிர்சாதனத்திலிருந்து தலையணை மீது நீர் சொட்டியதால் கட்டிலை நானே சுவரோரம் நகர்த்திப் படுத்தேன்.

மூன்றாம் நாள் ஆலைக் கேண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தபோது தற்செயலாக இந்தப் பேச்சு வந்தது. தராசுக் கூண்டில் நெடுங்காலம் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் பெரியவர் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெளிநாட்டுக்காரன் கட்டுற வரி. மைகாட் வச்சிருக்கிறவன் ஏன் கட்டணும்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. 1 செப்டம்பர் 2017 முதல் நடப்பில் உள்ள சுற்றுலா வரி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி, வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுக்கு உரியது. மலேசியக் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதை வசூலிக்கும் விடுதி சுங்கத்துறையில் பதிந்திருக்கவும் வேண்டும்.

மறுநாள் காலை புறப்படும்போது இதை எடுத்துச் சொன்னேன். உடனே அது சுற்றுலா வரி அன்று, சேவை வரி என்று இளைஞர் மாற்றிப் பேசினார். சேவை வரி 1 மார்ச் 2024 முதல் 8 விழுக்காடு. 80 வெள்ளிக்கு அது 6 வெள்ளி 40 காசுதான் வரும், 10 வெள்ளி வராது. தவிர, ஆண்டு வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டிப் பதிவு பெற்ற விடுதிதான் அதை வாங்க முடியும். பதிவு எண்ணைக் காட்டச் சொன்னேன். அதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய் என் அறைத் துண்டை எடுத்து வந்து, ஓரத்திலிருந்த கறையைக் காட்டி, "கிரீஸ் பட்டிருக்கு, ஐம்பது வெள்ளி கழிப்போம்" என்றார். தினமும் ஆலைத் தொழிலாளர்களின் குளியலறையில் சோப்புத் தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிய பிறகே நான் விடுதிக்குத் திரும்பியிருக்கிறேன். அந்தக் கறை நூலோடு நூலாகக் காய்ந்து பழுப்பேறிய பழைய கறை. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் படம் எடுத்து வைக்காததால் நிரூபிக்க வழியில்லாமல் நின்றேன்.

வீடு வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது. மனைவி நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை வாளியில் விளாவி வைத்திருந்தார். முதல் செம்பைத் தலையில் ஊற்றியதும் நான்கு நாள் அலுப்பும் இறங்கியது. பிறகு மிளகு ரசமும் சுட்ட கருவாடும் வைத்துச் சோறு போட்டார். பேசாமல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நடந்ததைச் சொல்ல முடிந்தது. நான்கு நாளில் யாராவது ஒருவர் எனக்கு வேண்டியதைக் கேளாமலே செய்தது அங்கேதான்.

பதிவு எண் இல்லாத ரசீதை ஏற்க முடியாது என்று எங்கள் அலுவலகக் கணக்காளர் திருப்பிவிட்டதால், அறை வாடகை 240 வெள்ளியும் இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது. ஆகவே விடுதியில் பணம் கொடுக்கும் முன்பே பதிவு எண்ணுடன் கூடிய ரசீதைக் கேளுங்கள். சுற்றுலா வரி என்றால் மைகாட்டைக் காட்டி மறுத்துவிடுங்கள். பெட்டியை இறக்கும் முன் துண்டு, விரிப்பு, குளியலறை எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. படிவம் 1-ஐ நிரப்பி, ரசீதின் நகலையும் இணைத்துவிட்டேன். இதே போன்ற கார்பன் ரசீது உங்கள் வண்டியிலோ பையிலோ கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் நீங்களும் கோரலாம்.