டர்பன் சாட்ஸ்வொர்த் கடையில் வாங்கிய குளோரெல்லா மாத்திரை

மாமியாருக்காக வாங்கியது. குளோரெல்லா என்பது தண்ணீரில் வளரும், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பச்சைப் பாசி. "உடம்பில் இருக்கிற ஈயம், பாதரசமெல்லாம் இழுத்துவிடுமாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போன வருடம் இணையத்தில் ஒரு டப்பா வரவழைத்தோம். பாசி எங்கே வளர்ந்தது, உலோகச் சோதனை செய்தார்களா என்று மூன்று முறை எழுதியும் விற்றவர்கள் பதில் போடவில்லை. பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக வருடா வருடம் இரண்டு குடுவைகளில் குளோரெல்லா வளர்த்து, ஒன்றில் மட்டும் சில சொட்டு மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் விடுவேன். முதல் நாள் வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நாள் அது வெளிறி, பாசி அடியில் திரிதிரியாகப் படிந்திருக்கும். பக்கத்தில் இருப்பது அருகம்புல் சாறு மாதிரி பச்சையாக நிற்கும். தாமிரம் மிஞ்சினால் ஒளிச்சேர்க்கையே முடங்கிப்போகும்.

எனக்குப் பயம் அந்த வெளிறிய குடுவை இல்லை. உலோகம் கொஞ்சமாக இருந்தால் பாசி சாகாது. செல்சுவர் சில நிமிடங்களிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். செத்த செல்கூடப் பிடிக்கும். உள்ளே நுழைந்த காட்மியத்தை ஃபைட்டோகெலேட்டின் என்ற சிறு புரதத் துண்டுகள் கட்டிப்போடும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். காயவைத்து மாத்திரையாக அழுத்தினாலும் உலோகம் எங்கும் போகாது. 2002இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, கைவிட்ட தங்கச் சுரங்கங்களிலிருந்து உலோகம் கலந்த அமிலத் தண்ணீர் வெளியே வழிய ஆரம்பித்தது. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, பாசி குடித்த தண்ணீர் எது என்று கேட்காமல் எப்படி வாங்குவது?

சரி, கடைக்கு வருகிறேன். கேட்டதும் கடைக்காரத் தம்பி "இருங்க ஆன்ட்டி" என்று உள்ளே போய் ஃபைலோடு வந்தார். டப்பாவில் இருந்த பேட்ச் எண்ணும் ஆய்வகத் தாளில் இருந்த எண்ணும் ஒன்றே. துணை உணவுகளில் ஐரோப்பிய ஒன்றியம் விடும் ஈயம் கிலோவுக்கு 3 மில்லிகிராம். தாளில் அதைவிட மிகவும் குறைவு. காட்மியம், பாதரசம், ஆர்செனிக் எல்லாம் தனித்தனி வரிசையில் இருந்தன.

மாத்திரையில் குளத்தங்கரை வாடை. மென்றால் பல்லெல்லாம் பச்சை. மாமியார் மோரோடு விழுங்கிவிடுகிறார். ஒரே குறை, டப்பாவிலும் "உலோகம் நீக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். குடுவையில் பாசி செய்வதை நம் குடலிலும் செய்யும் என்று அப்படி எழுதக்கூடாது, தம்பியிடமும் சொன்னேன்.

அடுத்த டப்பாவுக்கு பேட்ச் எண் மாறும். அந்தத் தாளையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.