ரூட்டா, பூட்லோடரா: எனக்குத் தலைவலி தந்தது எது?

பூட்லோடரைத் திறக்காமல் ரூட் மட்டும் செய்ய வழி இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டைக் கிளப்பும் மென்பொருள்; ரூட் என்பது போனில் எதையும் மாற்றும் முழு அதிகாரம். 2014-இல் டவல்ரூட் என்ற செயலி வந்த காலத்தில் இருந்தது. ஆண்ட்ராய்டின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஓட்டை வழியாக ஒரே தட்டலில் பல போன்களில் ரூட் கிடைத்தது. இப்போது ரூட் தரும் மேஜிஸ்க் என்ற கருவி, போன் கிளம்பத் தேவையான பூட் இமேஜ் கோப்பையே மாற்றிவிடுகிறது. பூட்லோடர் பூட்டியிருந்தால் மாற்றிய பூட் இமேஜோடு போன் கிளம்பாது. ஆகவே திறந்துதான் ஆக வேண்டும், திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழியத்தான் செய்யும்.

ஆனால் அவரும் பலரைப் போல, வங்கிச் செயலி மக்கர் செய்வது ரூட்டால்தான் என்று நினைக்கிறார். நானும் கேள்விப்பட்டது அதுதான். வங்கிச் செயலி திறக்க மறுத்ததும் மேஜிஸ்க்கை முழுசாக நீக்கி, பழைய பூட் இமேஜைத் திரும்ப ஏற்றினேன். செயலி மறுபடியும் அதே எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. ரூட் என்பது மென்பொருள் சமாச்சாரம், வந்த வழியே எடுத்துவிடலாம். பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதை சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியே கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது. போனை நம்பலாமா என்று செயலிகள் கேட்டறியும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை, ஆண்ட்ராய்டு 13-உம் அதற்குப் பிந்தையதும் ஓடும் போன்களில் இப்போது அந்தக் கையெழுத்தைத்தான் பார்க்கிறது.

இதில்தான் எனக்குக் கோபம். என் போனில் லீனியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் (போன் கம்பெனி தராத, வெளியார் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) ஓடுகிறது, பாதுகாப்பு பேட்ச் ஒழுங்காக வருகிறது. அப்டேட் நின்று வருடக்கணக்கான ஒரு பழைய போன், பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதே செயலியில் ஜம்மென்று நுழைகிறது. எது பத்திரமான போன்?

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். பூட்லோடர் திறந்திருக்கும் போன் திருடன் கையில் சிக்கினால் அவன் தன் இஷ்டத்துக்கு வேறு இமேஜை ஏற்றலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வரும் அந்த ஆரஞ்சு நிற எச்சரிக்கை சொல்வது பொய் இல்லை. கறுப்புத் திரையில் சில நொடி நின்று, அப்புறம்தான் லோகோ வருகிறது. பழகிவிட்டது.

ரூட்டால் கிடைத்த நிஜமான சந்தோஷம் ஒன்று உண்டு: சார்ஜ் 80 சதவீதத்தில் தானாக நின்றுவிடும். அதனாலோ என்னவோ, பேட்டரி இன்றும் நன்றாக உழைக்கிறது. நீக்கிய மேஜிஸ்க்கை இதற்காகவே திரும்பப் போட்டுக்கொண்டேன். ரூட்டை எடுத்தாலும் திறக்காத செயலிக்காக அதை ஏன் விட வேண்டும்?

இருப்பது ஒரே போன், வங்கி வேலையும் அதில்தான் என்றால் பூட்லோடரைத் தொடவே வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். என் போனை மட்டும் திரும்பப் பூட்டுவதாக இல்லை. பூட்டினால் மறுபடி எல்லாம் அழியும், கஸ்டம் ரோமோடு பூட்டினால் பல போன்கள் கிளம்பவே கிளம்பாது. அதைவிட, புது ஆண்ட்ராய்டு இந்தப் போனில் ஓடுவதைப் பார்த்தபின் பழையதற்குத் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. வங்கி வேலையை இப்போது கணினியில் முடித்துக்கொள்கிறேன்.