ஆப்பிள் 2, ஐபிஎம் பிசி: எது பொதுத் தரமானது, ஏன்?

1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியின் மூடியைக் கையாலேயே தூக்கித் திறந்துவிடலாம். உள்ளே வரிசையாக கூடுதல் மின்சுற்று அட்டைகளைப் பொருத்த 8 விரிவாக்கச் செருகிடங்கள், மிகக் குறைந்த சில்லுகளைக் கொண்டே திரையில் வண்ணம் காட்டும் மின்சுற்று என ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக்கின் வடிவமைப்பு இன்றும் வியக்க வைக்கிறது. 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்த பிறகு அலுவலகங்களும் அதை நாடின.

1981 ஆகஸ்டில் அறிமுகமான ஐபிஎம் பிசியில் அந்த நேர்த்தி இல்லை. எனினும், கணினியைப் பல நிறுவனங்களும் பின்பற்றும் ஒரு பொதுத் தரமாக்கியது அதுவே என்பது என் உறுதியான கருத்து. கணினியின் மையச் சில்லான இன்டெல் 8088 செயலி, மைக்ரோசாஃப்ட் தந்த இயங்குதளம் என அதன் முக்கியப் பாகங்கள் எவரும் வாங்கக்கூடியவையாக இருந்ததால், கணினியைத் தொடக்கி வைக்கும், ஐபிஎம்முக்கே உரிய பயாஸ் என்னும் நிரலை மட்டும் நகலெடுக்காமல் தாமே புதிதாக எழுதிக்கொண்ட காம்பேக் போன்ற நிறுவனங்கள், அதற்கு இணக்கமான கணினிகளைச் சட்டச் சிக்கலின்றி விற்க முடிந்தது. ஆப்பிளின் நிரலை அப்படியே நகலெடுத்த ஃபிராங்க்ளின் நிறுவனமோ 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.