கர்னலை மாற்றிப் பழக ஏற்ற பலகை: பீகிள்போன் பிளாக் குறித்த ஒரு மதிப்பீடு

2013 ஏப்ரலில் 45 டாலர் விலையில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் சிறு கணினிப் பலகையை அதன் வேகத்துக்காக இன்று யாரும் வாங்கப் போவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிதாரா ஏஎம்3358 சில்லு, அதில் 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றை கார்டெக்ஸ்-ஏ8 மையம், 512 மெகாபைட் நினைவகம், ரெவிஷன் சி என்னும் பதிப்பு முதல் 4 கிகாபைட் இஎம்எம்சி (பலகையிலேயே பதித்த சேமிப்புச் சில்லு) என்று பார்த்தால், இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவான கைப்பேசிக்கும் பின்னால்தான் இது நிற்கும். ஆனாலும், லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதியான கர்னலைத் தாமே கம்பைல் செய்து (மூலநிரலிலிருந்து ஓடக்கூடிய நிரலாக்கி), ஒரு பலகையில் ஏற்றி, பழைய கர்னலின் இடத்தில் புதியதை ஓட்டிப் பழக விரும்புகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் இன்றும் முதலில் சொல்வது இந்தப் பலகையைத்தான். அந்த ஒரு வேலைக்கு இது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கர்னல் வேலையில் பலகை எழாமல் போவது வழக்கமாக நடப்பதுதான். ஆகவே, எழாத பலகையை எவ்வளவு எளிதாக மீட்க முடிகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். இந்தப் பலகைக்கு மின்சாரம் வந்தவுடன், சில்லுக்குள் பொறிக்கப்பட்ட ரோம் நிரல் எம்எல்ஓ என்ற சிறு கோப்பைத் தேடி எடுக்கிறது. அது சில்லுக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தயார் செய்து, யு-பூட் என்னும் தொடக்க நிரலை ஏற்றுகிறது. யு-பூட் கர்னலையும், பலகையில் என்னென்ன வன்பொருள் உள்ளது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் நினைவகத்தில் வைத்துவிட்டுப் பொறுப்பைக் கர்னலிடம் ஒப்படைக்கிறது. இந்தச் சங்கிலியில் ரோம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்துக்கும் மூலநிரல் நம் கைக்குக் கிடைக்கிறது. இன்னொரு சிறு கணினிப் பலகையான ராஸ்பெர்ரி பையில் முதலில் விழிப்பது வீடியோகோர் என்னும் வரைகலைப் பகுதி. அதில் ஓடும் தொடக்க நிரலின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. அங்கும் கர்னலை மாற்றுவது கடினமில்லை, ஏன், சில வகைகளில் இதைவிட எளிது. ஆனால், தொடக்கத்திலிருந்து கடைசி வரை என்ன நடக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துப் படிக்க நினைப்பவருக்கு பீகிள்போன் திறந்து காட்டும் அளவுக்கு ராஸ்பெர்ரி பை காட்டுவதில்லை.

மீட்பதற்கான வழி எஸ்2 என்று குறிக்கப்பட்ட சிறு பொத்தானில் இருக்கிறது. இஎம்எம்சியில் உள்ளதை முற்றிலும் கெடுத்துவிட்டாலும், நல்ல இமேஜ் (முழு அமைப்பின் நகல்) எழுதிய மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகி, எஸ்2 பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், ரோம் நிரல் இஎம்எம்சியைத் தாண்டி நேராகக் கார்டுக்குப் போய்விடும். இதில் ஒரு நுணுக்கத்தைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சில்லு மின்சாரம் வரும் கணத்தில்தான் குறித்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டு ரீசெட் செய்தால் அந்தக் குறிப்பு மாறாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுக்க வேண்டும். அதேபோல, பொத்தானை அழுத்தாமல் கார்டை மட்டும் செருகினால் இஎம்எம்சியில் கிடக்கும் பழைய யு-பூட் எழுந்து கார்டிலுள்ள புதிய கர்னலை ஏற்ற முயலும். இந்தக் கலப்பினால் வரும் குழப்பம் கர்னலின் பிழையைப் போலவே தோன்றும் என்பதால், புதிய கர்னலைக் குறை சொல்லும் முன் எந்த யு-பூட் எழுந்தது என்பதை அதன் முதல் வரியில் உள்ள பதிப்பு எண்ணையும் தேதியையும் கொண்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

அந்த முதல் வரியைப் பார்க்க சீரியல் கேபிள் வேண்டும். பலகையில் ஜே1 என்று குறித்த ஆறு முள் இணைப்பு இதற்காகவே தனியாக வைக்கப்பட்டுள்ளது, 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளை அப்படியே பொருத்தி, கணினியில் 115200 என்ற வேகத்தை வைத்தால், யு-பூட்டின் முதல் எழுத்து முதல் அனைத்தும் திரையில் வந்துவிடும். 5 வோல்ட் சமிக்ஞை தரும் கேபிளை மாட்டினால் சில்லு கெடும் என்பதால், வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ திரை இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கர்னல் எழுவதற்குள் நடப்பது எதுவும் அந்தத் திரையில் தெரியாது. இந்த வேலையில் பார்க்க வேண்டியதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

கம்பைல் செய்வதைப் பொறுத்தவரை, பலகையிலேயே செய்ய முடியும் என்றாலும் ஒற்றை மையமும் 512 மெகாபைட்டும் பல மணி நேரத்தை விழுங்கிவிடும். மேசைக் கணினியில் ஆர்ம் ஹார்டு ஃப்ளோட்டுக்கான கிராஸ் கம்பைலரை (ஒரு கணினியில் இருந்தபடி வேறு வகைச் செயலிக்கான நிரலை உருவாக்கும் கருவி) நிறுவிச் செய்வதே முறை. கர்னல் மூலத்தை இரண்டு இடங்களிலிருந்து எடுக்கலாம். இந்தப் பலகையின் பீகிள்போர்டு அமைப்பு பராமரிக்கும் கிளையை எடுத்தால் பலகைக்கென்றே அமைந்த டெஃப்கான்ஃபிக் (முன்கூட்டியே அமைத்த கட்டமைப்புக் கோப்பு) உடன் வரும். லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையை எடுத்தால் ஓமேப்2பிளஸ் டெஃப்கான்ஃபிக்கைக் கொண்டு தொடங்கலாம். பலகை வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மூலக் கிளையில் அதன் டிவைஸ் ட்ரீ இன்றும் இருக்கிறது, அதைக் கொண்டு பலகை எழுகிறது என்பதை நான் பெரிய நற்குணமாக மதிக்கிறேன். பல மலிவான பலகைகள் விற்பனையாளர் ஒருமுறை கொடுத்த பழைய கர்னலோடு நின்றுவிடுகின்றன. பழைய பாடங்களைப் பின்பற்றுவோர் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: 6.5 பதிப்பிலிருந்து 32 பிட் ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகள் நிறுவன வாரியான துணைக் கோப்பகங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டதால், இந்தப் பலகையின் கோப்பு இப்போது டிஐ என்ற கோப்பகத்துக்குள் ஓமேப் என்பதன் கீழ் இருக்கிறது.

புதிய கர்னலை நிறுவுகையில் பழையதன் மேல் எழுதவே கூடாது; பக்கத்தில் வைக்க வேண்டும். பலகைக்கான டெபியன் லினக்ஸ் இமேஜ் இதற்கு மிகவும் வசதியாக அமைந்திருக்கிறது. பூட் கோப்பகத்தில் ஒவ்வொரு கர்னலும் தன் பதிப்புப் பெயரோடு இருக்கும். டிவைஸ் ட்ரீ கோப்புகளும், கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளான மாட்யூல்களும் அதே பெயருள்ள தனித்தனிக் கோப்பகங்களில் இருக்கும். எது எழ வேண்டும் என்பதை யுஎன்வி என்ற உரைக்கோப்பில் உள்ள ஒரே வரி தீர்மானிக்கும். ஆகவே, கட்டமைப்பில் லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் நமக்கென்று ஒரு பின்னொட்டு கொடுத்துக் கம்பைல் செய்தால், பழைய கர்னலுக்கும் அதன் மாட்யூல்களுக்கும் எந்தச் சேதமும் வராது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் புதியது எழும். திருப்பி எழுதினால் பழையது எழும். மாட்யூல்களை நிறுவும்போது பிழைத்திருத்தத் தகவலை நீக்கும் ஸ்ட்ரிப் விருப்பத்தைக் கொடுக்க மறக்க வேண்டாம். 4 கிகாபைட் சேமிப்பில் அது இல்லாவிட்டால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. பலகையை நான் விரும்புவதற்கு அதுவே முதற்காரணம். ஈதர்நெட் கம்பியைச் செருகி, மேசைக் கணினியில் கோப்புகளை வலைவழி அனுப்பும் டிஎஃப்டிபி சேவையை ஓடவிட்டு, யு-பூட்டின் கட்டளைக் கோட்டிலிருந்து கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் நேராக நினைவகத்துக்கு இழுத்து ஓட்டலாம். சேமிப்பில் ஒரு பைட் கூட எழுதப்படுவதில்லை. பிழையான கர்னல் என்றால் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் போதும், பலகை பழையபடி எழுந்துவிடும். கர்னல் சில மெகாபைட்டுகள்தான் என்பதால் 100 மெகாபிட் வலையிலும் நொடிகளில் வந்து சேர்ந்துவிடும். கடைசியில் கர்னலை ஓட்டும் பூட்இசட் கட்டளையைக் கொடுக்கும்போது, இனிட்ரேம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றும் தற்காலிகக் கோப்பமைப்பு) இல்லையென்றால் அதன் இடத்தில் ஒரு சிறு கோடு போட வேண்டும். அதை விட்டுவிட்டால் டிவைஸ் ட்ரீயின் முகவரியை யு-பூட் வேறொன்றாக எடுத்துக்கொள்ளும்.

கர்னல் தொடங்குகிறது என்று யு-பூட் அறிவித்த பிறகு திரை அப்படியே உறைந்து நிற்பதுதான் இந்த வேலையில் மனத்தை மிகவும் சோர்வடையச் செய்யும் கட்டம். அப்போது பலகையில் வரிசையாக உள்ள நான்கு நீல விளக்குகளைப் பாருங்கள். ஹார்ட்பீட் டிரிக்கர் கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தால், யுஎஸ்ஆர்0 விளக்கு இதயம் துடிப்பதுபோல இரண்டிரண்டாக மின்னும். அது மின்னினால் கர்னல் உயிரோடு இருக்கிறது, செய்திகள் போக வேண்டிய கன்சோலின் பெயர்தான் தவறு என்று பொருள். பழைய சீரியல் டிரைவரில் டிடிஒய்-ஓ0 என்று இருந்தது இப்போதைய 8250 டிரைவரில் டிடிஒய்-எஸ்0 ஆகிவிட்டது. விளக்கு மின்னவே இல்லையென்றால் டிவைஸ் ட்ரீ கோப்பையும் அது ஏற்றப்பட்ட முகவரியையும் முதலில் சந்தேகிக்கலாம். திரையில் எழுத்துகள் ஓடி, ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று நின்றால், எம்எம்சி டிரைவரோ எக்ஸ்ட்4 ஆதரவோ மாட்யூலாகப் போய்விட்டிருக்கும், அல்லது ரூட் என்ற அளவுருவில் கோப்பமைப்பின் அடையாள எண்ணான யுயுஐடி கொடுக்கப்பட்டிருக்கும். இனிட்ரேம்எஃப்எஸ் உதவியில்லாமல் கர்னல் தானே புரிந்துகொள்வது யுயுஐடியை அல்ல, சேமிப்புப் பகிர்வின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடியை.

குறைகளும் உண்டு. எஸ்ஜிஎக்ஸ்530 வரைகலைப் பகுதியின் டிரைவருக்கு மூலநிரல் முழுமையாக வெளியிடப்படவில்லை. நாமாகக் கட்டும் கர்னலில் அதை ஓட்டுவது பெரும்பாடு என்பதால், வரைகலை தேவைப்படும் திட்டத்துக்கு இந்தப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலகையின் ஓரத்திலுள்ள பி8 என்ற இணைப்பு வரிசையின் பல முள்கள் இஎம்எம்சிக்கும் எச்டிஎம்ஐக்கும் பகிரப்பட்டிருப்பதால், அவற்றை வேறு வேலைக்குப் பயன்படுத்த ஓவர்லேகளை (டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கப்படும் துணுக்குகள்) முடக்க வேண்டியிருக்கிறது. இதன் ஆவணங்கள் பல காலகட்டங்களில் எழுதப்பட்டுக் கலந்து கிடக்கின்றன. துணைப் பலகைகளைக் கையாண்ட 3.8 கர்னல் காலத்துக் கேப் மேனேஜர் முறையும் இப்போதைய யு-பூட் ஓவர்லே முறையும் ஒரே தேடலில் அருகருகே வந்து நிற்கும். எது எந்தப் பதிப்புக்கு என்று பிரித்தறிவது புதியவருக்கு நிச்சயமாகச் சிரமம்.

64 பிட் கர்னலைத்தான் பழக வேண்டும் என்பவர்கள் அதே அமைப்பின் பீகிள்ப்ளே பலகையைப் பார்க்கலாம். அதில் ஏஎம்625 சில்லும் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 மையங்களும் 2 கிகாபைட் நினைவகமும் உள்ளன, ஆனால் தொடக்கச் சங்கிலி இன்னும் நீளமானது. பிளாக் பலகையையே வாங்குவதானால் ரெவிஷன் சி அல்லது அதற்குப் பிந்தையதாகக் கேட்டு வாங்குங்கள். 2 கிகாபைட் இஎம்எம்சி கொண்ட முந்தைய பலகைகளில் இரண்டு கர்னல்களை அருகருகே வைப்பதற்கே இடம் நெருக்கும். சீரியல் கேபிளோடு 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்து வரும் மின்சாரம் வெறும் பலகைக்குப் போதும். ஏதேனும் யுஎஸ்பி சாதனத்தைச் சேர்த்தால் திணறக்கூடும், அந்தத் திணறலுக்கும் கர்னல் பிழைக்கும் வெளியிலிருந்து பார்க்க வேறுபாடு தெரியாது.