இரண்டு தூண் கார் லிஃப்டா, நான்கு தூணா: யாழ்ப்பாணம் அரியாலையில் ஒரு கொட்டகை, இரண்டு கார்

வீட்டில் கார் இரண்டு, கொட்டகை ஒன்று. தினமும் ஓடுவது வாகன்ஆர். மற்றது அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. புகைக்குழாய்க்குள் அந்தக் கரி இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழையதை விற்கிற பேச்சே வீட்டில் எழவில்லை. ஆனால் ஒவ்வொரு மாரியிலும் இரண்டில் ஒன்று வெளியே நனைந்துகொண்டு நின்றது. அப்படித்தான் காரைத் தூக்குகிற லிஃப்ட் யோசனை வந்தது: பழையதை மேலே ஏற்றிவிட்டுப் புதியதைக் கீழே விடலாம், இடைக்கிடை அடியில் புகுந்து வேலையும் செய்யலாம்.

விசாரித்தபோது எல்லாரும் முதலில் சொன்னது, காருக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழி. குழிக்குள் கார் நிறுத்த முடியாது என்பது ஒரு பக்கம். எங்கள் பக்கம் கார்த்திகையில் கிணற்றுக்குள் குனிந்தால் தண்ணீர் கைக்கு எட்டும்; 2008இல் நிஷா புயல் மழைக்குக் கொட்டகைக்குள்ளேயே கணுக்கால் அளவு நின்றது. இந்த நிலத்தில் வெட்டுகிற குழி இன்னொரு கிணறுதான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, குழிக்குள் இறங்கித் தங்கும் என்பதும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, சிந்துகிற எண்ணெய். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மேலே விட்டது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையைக் கேட்ட பிறகும் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து முப்பது அடியில் குழி வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

கத்தரிக்கோல் மாதிரி விரிந்து எழும்புகிற லிஃப்டும் பார்த்தேன். கூரை பதிவான, உயரம் குறைந்த இடத்துக்கு நல்லது. ஆனால் காருக்கு நடு வயிற்றில் அதன் இரும்பு நிற்கும், கீழே இன்னொரு கார் விடவும் முடியாது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் இரண்டு தூணும் நான்கு தூணும். இரண்டு தூண் லிஃப்டில் தூண்களிலிருந்து கைகள் நீண்டு வந்து காரின் அடிச்சட்டத்தைத் தாங்கும், சில்லு நான்கும் தொங்கும். பிறேக், சஸ்பென்சன், கியர்பொக்ஸ் எது செய்தாலும் அதுதான் வசதி, அதில் வாதமே இல்லை. நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கிற என் சகலன் இருபது வருடமாக இரண்டு தூணில்தான் வேலை செய்கிறார். நான் நான்கு தூண் என்றதும் சிரித்தார். "சில்லைத் தொங்க விடாமல் நீர் என்ன வேலை செய்யப் போறீர்?" என்றார். நியாயமான கேள்வி. நான்கு தூணில் கார் தன் ரயரிலேயே இரண்டு தண்டவாளத்தட்டுகளின் மேல் நிற்கும். சில்லைக் கழற்ற வேண்டுமென்றால் தட்டுகளுக்கு நடுவே உருளுகிற ஜக் ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஏ-40க்கு முன்பக்கக் கிங்பின்னில் (முன்சில்லு திரும்புகிற முளை) கிறீஸ் அடிக்கும்போதும் பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால்தான் உள்ளே நன்றாக இறங்கும். ஆக, வேலைக்கு மட்டும் என்றால் சகலன் சொல்வது சரி.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது காரும் இல்லை, வேலையும் இல்லை. நிலம்.

கொட்டகை நிலம் அப்பா போட்டது. "நாலு அங்குலக் கொங்கிறீட்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேசனைக் கூப்பிட்டு நான்கு இடத்தில் துளைத்துப் பார்த்தோம். வாசல் பக்கம் நாலு அங்குலம் இருந்தது. பின்பக்கம் இரண்டே முக்கால். கீழே பாதி மணல். போதாததற்கு வேப்பமர வேர் தூக்கிய வெடிப்பு ஒன்று குறுக்கே ஓடியது, சரியாக ஒரு தூண் வரவேண்டிய இடத்தால். மேசன் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில படலைத் தூணே நேரா நிக்காது" என்றார்.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு விஷயம் விளங்கியது அந்த இடத்தில்தான். பாரமான இரும்புப் படலை தொங்குகிற தூண் நாளடைவில் எந்தப் பக்கம் சரியும்? படலை தொங்குகிற பக்கம். இரண்டு தூண் லிஃப்டும் அதே சங்கதிதான். கார் தூணுக்கு மேலே இல்லை, தூணிலிருந்து தள்ளி, கைகளின் நுனியில் இருக்கிறது. தூண் எந்நேரமும் உள்பக்கம் சரியப் பார்க்கும். சரிய விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அடித்தட்டின் வெளிப்பக்கத்து நங்கூர போல்ட்டுகள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஏ-40 ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், தூணுக்கு 500 கிலோ என்று வைப்போம். கை தாங்குகிற இடம் தூணிலிருந்து முக்கால் மீற்றர். அடித்தட்டின் உள்விளிம்புக்கும் வெளிப்பக்கப் போல்ட்டுகளுக்கும் இடையில் 40 சென்ரிமீற்றர். 500ஐ முக்காலால் பெருக்கி 0.4ஆல் வகுத்தால் 900 கிலோவுக்கு மேல் வருகிறது. தூணின் சொந்தப் பாரம் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். என்றாலும் காரின் பாதிப் பாரத்தைவிடக் கூடிய விசை அந்த இரண்டு மூன்று போல்ட்டை நிலத்திலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. கொங்கிறீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மெல்லிய நிலத்தில் போல்ட் தனியே வராது, சுற்றியுள்ள கொங்கிறீட்டையும் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். வெடிப்புக்குப் பக்கத்தில் துளை போடாதே என்று எல்லாக் கையேடும் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் இரண்டு தூணுக்கு என் கொட்டகையில் என்ன செய்ய வேண்டும்? தூணுக்கு ஒன்றாக நாலடிச் சதுரத்தில் நிலத்தை வெட்டி எடுத்து, ஓரடி ஆழம் தோண்டி, கம்பி கட்டிப் புதிதாகக் கொங்கிறீட் போட்டு, 28 நாள் நனைத்துப் பொறுத்திருக்க வேண்டும் என்றார் மேசன். செய்யலாம். ஆனால் அந்தக் கிடங்குகளில் ஒன்று, கொட்டகைச் சுவரின் அத்திவாரத்தை ஒட்டி வருகிறது. அறுபது வருடச் சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குப் பக்கத்தில், மாரி தொடங்க ஆறு கிழமை இருக்கும்போது, கிடங்கு தோண்ட அவருக்கும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

நான்கு தூணில் பாரம் நேரே கீழே இறங்குகிறது. காரும் லிஃப்டும் சேர்ந்து 1,700, 1,800 கிலோ என்றாலும் தூணுக்கு 450 கிலோ அளவுதான், அதுவும் அமுக்கம். பிடுங்குகிற விசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. போல்ட் அடிக்கச் சொல்கிறார்கள்தான், நானும் அடித்தேன். அது தூண் இடம் மாறாமல் இருப்பதற்கு. இதற்கும் நிலம் ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கக்கூடாது: நான் வாங்கியதன் கையேடு நாலு அங்குலத் தடிப்பும், சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் தாங்குகிற கொங்கிறீட்டும் கேட்டது. அதனால் பின்பக்கத் தூண் இரண்டின் கீழும் இரண்டடிச் சதுரம் வெட்டி ஆறு அங்குலத்தில் திரும்பப் போட்டோம். வெட்டு வேலை ஒரு நாள், பிறகு காயும் வரை காத்திருந்தது மட்டும்தான். சுவர் தப்பியது.

உங்கள் நிலம் புதிது, ஆறு அங்குலம், கம்பி கட்டிப் போட்டது என்றால் இந்த வாதம் முழுக்கவே உங்களுக்குப் பொருந்தாது. அப்போது சகலனின் கட்சிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது காரணம் சிறியது. என் ஏ-40 மாதக்கணக்கில் மேலேயே நிற்கும். நான்கு தூணில் ஏற்றியபின் கொஞ்சம் இறக்கி, தூண்களுக்குள் இருக்கிற பூட்டுப்பல்லில் உட்கார வைத்துவிடுவோம். அதன்பிறகு எண்ணெய் அழுத்தத்திலோ கம்பிவடத்திலோ பாரம் இல்லை, இரும்பு மேல் இரும்பு. காரும் தன் சில்லிலேயே நிற்கிறது. எழுபது வயதுக் காரைக் கைகளின் நான்கு முனையில் மாதக்கணக்கில் தொங்க விட்டால் கதவு ஒழுங்காகப் பூட்டுமா என்று எனக்குச் சந்தேகம். சகலன், "இல்லை, ஒன்றும் ஆகாது" என்கிறார். அவரிடம் ஒரு கார் இரண்டு நாளுக்கு மேல் மேலே நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு விஷயம், இரண்டு வகைக்கும் பொது. மோட்டர் 2.2 கிலோவாட், வீட்டு ஒற்றைக் கட்ட இணைப்பிலேயே ஓடும், தனி வயர் இழுத்தால் போதும். ஆனால் பூட்டுப்பல்லில் உட்கார்ந்த லிஃப்டை இறக்க, முதலில் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும். தூக்கக் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய மாதிரி இன்னொரு காலம் வந்தால் மேலே உள்ளது மேலேயே இருக்கும். என் ஏற்பாட்டில் தினசரிக் கார் கீழே என்பதால் பரவாயில்லை. மாற்றி நிறுத்துகிறவர்கள் கைப்பம்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி நான்கு தூணின் தலையிடி: கம்பிவடம். ஒரு தட்டின் அடியில் கிடக்கிற ஒரே சிலிண்டர்தான் நான்கு மூலையையும் தூக்குகிறது. அது இழுக்க, சுண்டுவிரல் பருமனில் நான்கு இரும்பு வடம் கப்பிகளைச் சுற்றி நான்கு தூணுக்கும் போகிறது. கிணற்றுக் கயிறு எங்கே தேயும் என்று நமக்குத் தெரியும்: கப்பியில் மடிகிற இடத்தில். இங்கேயும் அதே இடம்தான், அதோடு துருவும் சேர்கிறது. கடல்நீரேரி எங்களுக்கு நடை தூரம். சோளகம் வீசும் மாதங்களில் யன்னல் கம்பியில் கைவைத்தால் உப்புப் பிசுபிசுக்கும். அதனால் நாகம் (துத்தநாகம்) பூசிய வடம் என்று கேட்டுத்தான் வாங்கினேன். வடம் ஒன்று அறுந்தால் தளர்ச்சியை உணர்ந்து பிடித்துக்கொள்கிற பூட்டு தூணுக்குத் தூண் இருக்கிறது என்றாலும் அதைப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

மாதம் ஒருமுறை பழைய துணியால் வடத்தைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பேன். உள்ளே ஓர் இழை அறுந்திருந்தால் துணி கொழுவும். வெறுங்கையால் இழுத்தால் கை கிழியும். துடைத்தபின் மெல்லிய எண்ணெய். தடித்த கிறீஸ் பூசினால் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே துருவை மறைத்துவிடும், கிறீஸ் கப்பி அச்சுக்குத்தான். புது வடம் முதல் சில மாதம் கொஞ்சம் நீளும், தூண் தலையில் உள்ள நட்டை முறுக்கிச் சமப்படுத்த வேண்டும். சமமா என்று பார்க்க நான் மட்டம் வைப்பதில்லை, காதுதான். ஏறும்போது நான்கு பூட்டும் ஒன்றாக "டக்" என்றால் சரி. "டக்-டடக்" என்றால் ஏதோ ஒரு மூலை பிந்துகிறது. (முதல் நாள் இரண்டு வடத்தை மாற்றி மாட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது.)

இரண்டு தூணில் இந்தப் பராமரிப்புக் குறைவு. வடம் உண்டு, ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்திருக்கத்தான். பராமரிக்க நேரமில்லாதவர் இதை யோசிக்க வேண்டும். எனக்கு இதுவரை இரண்டு மாரி அனுபவம்தான். வடம் மாற்றிய அனுபவம் இனித்தான் வரும். அந்தச் செலவை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

கூரை உயரம் அளக்காமல் வாங்காதீர்கள். வாகன்ஆர் 1.65 மீற்றர், சோமர்செற் 1.63, இடையில் தட்டின் தடிப்பு, மேலும் கீழும் கொஞ்சம் வெளி: மூன்றரை மீற்றர், அதாவது பதினொன்றரை அடி. எங்கள் ஓட்டுக்கூரை முகட்டில் 13 அடி, சுவரோரம் 10. பழைய காரின் முன்மூடி பதிவு என்பதால் மூக்கைச் சுவர்ப் பக்கம் விட்டுத் தலையை முகட்டுக்கு நேரே வைத்தால் அளவாக அடங்குகிறது. வளையோடு இடிபடுமோ என்று முதல் தடவை அம்மா கீழே நின்று கூக்குரலிட்டது தேவையற்றது, ஆனால் இடைவெளி உண்மையில் நாலு விரல்கூட இல்லாத இடமும் உண்டு.

எண்ணெய்த் தட்டும் சேர்த்து வாங்குங்கள், பழைய இங்கிலீசுக் கார் சொட்டாமல் இருக்காது. வாங்காமல் இரண்டு கிழமை இருந்ததற்கு வாகன்ஆரின் கூரையில் சாட்சி இருக்கிறது. உருளுகிற ஜக் இன்னும் வாங்கவில்லை. அதுவரை பிறேக் வேலை என்றால் ஏ-40ஐ நெல்லியடிக்குத்தான் கொண்டுபோகிறேன். சகலன் இரண்டு தூணில் ஏற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பார்.