குழாய் நின்றால், நிலா நெருங்கினால்: எதை முதலில் கொடுப்பது?

கம்பம், கூடலூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தாலே "அணையில இன்னிக்கு எத்தனை அடி?" என்பதுதான் பேச்சு. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பத்தாவது படிக்கிற பையனுக்கும் தெரியும். நாடே குலைந்தபின் பிழைத்துக் கிடக்கும் பதின்வயதினர் பற்றிய ஆங்கில நாவல்களில் அவனுக்கு எதை முதலில் கொடுப்பது? நான் எடுப்பது நீல் ஷஸ்டர்மனும் ஜாரட் ஷஸ்டர்மனும் சேர்ந்து எழுதிய 'ட்ரை' (2018).

அரிசோனாவும் நெவாடாவும் நீர் உடன்பாட்டிலிருந்து விலகி அணை மதகுகளை அடைத்துவிடுகின்றன. தெற்குக் கலிபோர்னியாவில் குழாய் நின்றுபோகிறது. 2011 டிசம்பரில் இதே அணைத் தகராறில் கேரள எல்லைக் குமுளிச் சாலை அடைபட்டதைப் பார்த்த வீட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் தீர்ந்ததும் அலிஸா வீட்டார் ஐஸ்கட்டிப் பைகளை அள்ளுகிறார்கள்; நாவலில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வந்திருக்கிறது என்று கடற்கரைக்குப் போன அப்பாவும் அம்மாவும் திரும்புவதில்லை. பிறகு அவளும் தம்பியும், இந்த நாளுக்காகவே எல்லாம் பதுக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் கெல்ட்டனும்தான். சில நாளிலேயே மனிதர்கள் மிருகமாகிவிடுகிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுகிற நமக்கு அந்த வேகம் கொஞ்சம் ஓவர்.

பசியை ஒழுங்காக எழுதியவர் சூசன் பெத் ஃபெஃபர். 'லைஃப் ஆஸ் வி நியூ இட்' (2006) நாவலில் விண்கல் மோதி நிலா பூமியை நெருங்குகிறது. கடற்கரை ஊர்களை அலை விழுங்குகிறது. எரிமலைச் சாம்பல் வெயிலை மறைக்கிறது. (இதெல்லாம் நடக்குமா என்று இயற்பியல் வாத்தியாரிடம் கேட்காதீர்கள்.) பென்சில்வேனியாவில் மிராண்டா நாட்குறிப்பு எழுதுகிறாள். துப்பாக்கிச் சண்டை, துரத்தல் எதற்கும் பெரிய இடமில்லை. டப்பா உணவை எண்ணுவது, விறகு சேர்ப்பது, பிள்ளைகள் சாப்பிட அம்மா தன் பங்கைக் குறைத்துக்கொள்வது, அதைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பது. நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் எழுத்தில் 'ட்ரை'யைவிட இது ஒரு படி மேல்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வரிசையை மாற்றிவிடுவேன். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் நிற்பது பயமில்லை, வந்துவிடுவதுதான் பயம். ஆகவே அங்கே முதலில் ஃபெஃபர். நாட்குறிப்பு துண்டு துண்டாக இருப்பதால் ஆங்கிலமும் மிரட்டாது.

மூன்றாவது, ஜான் மார்ஸ்டனின் 'டுமாரோ, வென் தி வார் பிகன்' (1993). ஆஸ்திரேலியாவில் மலைக்குள் கூடாரம் போடப் போன பிள்ளைகள் திரும்பி வந்தால், அந்நியப் படை ஊரைப் பிடித்துப் பெற்றோரைக் கண்காட்சித் திடலில் அடைத்திருக்கிறது. காட்டில் ஒளிந்து வாழும் பகுதி மேகமலை பக்கம் சுற்றிய பையன்களுக்கு நன்றாகவே ஒட்டும். மொத்தம் ஏழு பாகம். பரீட்சை முடிந்தபிறகு கொடுங்கள்.