குந்தியிருந்ததற்கு மூன்று புள்ளி

என் மகளுக்கு ஏழு வயது, தரம் 2 படிக்கிறாள். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாகச் சலத்தில் கிருமி என்று வந்ததால் மட்டக்களப்பு நகரில் ஒரு குழந்தை வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். அவரைப் பார்ப்பதற்கு முன் நிரப்பித் தரும்படி, பிள்ளை சிறுநீர் கழிப்பதில் கோளாறு இருக்கிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் தமிழ்ப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மூலப் படிவம் டொரொண்டோவில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்துக் கேள்விகள். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. பெண்பிள்ளைகளுக்கு 6, ஆண்பிள்ளைகளுக்கு 9 என்பது கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லை. மலச்சிக்கலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். மலம் தேங்கிய குடல் சலப்பையை அழுத்தும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் மகளுக்கு 9 புள்ளி வந்தது. நெஞ்சு படபடத்துப் போனது.

தாதி நல்ல மனுஷி. மகளைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியிலும் "உங்களுக்கு என்ன விளங்கியது மகள்?" என்று பொறுமையாகக் கேட்டார். "ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு முறை மட்டுமே குளியலறைக்குச் செல்கிறேன்" என்ற கேள்விக்கு அவள் "ஏறக்குறைய எப்போதும்" என்று அடையாளமிட்டிருந்தாள். காலையும் மாலையும் குளிக்கிறாளே! எங்கள் வீட்டில் மலசலகூடம் வளவின் பின்புறத்தில் தனியாக இருக்கிறது. குளியலறை வேறு, அது வேறு.

அடுத்தது, "குந்தியிருந்து சிறுநீரைக் கட்டுப்படுத்துகிறேன்." சலம் முட்டும்போது குதிக்காலை அழுத்திக் குந்தி அதை அடக்கும் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி அது. "கட்டுப்படுத்துதல்" என்றால் என்னவென்று தரம் 2 பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கு விளங்கியது "குந்தியிருந்து" மட்டும்தான். எங்கள் மலசலகூடத்தில் எல்லோரும் குந்தித்தானே இருக்கிறோம்? அதற்கும் மூன்று புள்ளி. இந்த ஆறையும் கழித்தால் மிஞ்சுவது 3. உடுப்பு சில நாள் நனைவதற்கு ஒன்று, தினமும் மலம் போகாததற்கு இரண்டு.

நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை. மொழிபெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்ப்பது வழக்கம் என்று வைத்தியர் விளக்கியபோது எனக்கு உடனே உறைத்தது. "குளியலறை" திரும்பப் போனால் "பாத்ரூம்" என்றுதான் வரும். மூலத்திலும் அதே சொல், ஆனால் அங்கே அது மலசலகூடத்தைக் குறிக்கும். பிழை பத்திரமாகத் தப்பிவிடுகிறது! பிள்ளையின் வாயிலிருந்து கேட்டால் மட்டுமே அகப்படும்.

ஜப்பானிய மொழியிலும் பிரேசிலின் போர்த்துக்கேயத்திலும் இந்தப் படிவத்தை முறையாகச் சோதித்துத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் பிள்ளைகளை இருத்தி, சத்தமாக வாசிக்க வைத்து, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். "ஒண்டுக்கு" என்று சொல்லும் பிள்ளையிடம் "சிறுநீர்" என்று ஏன் கேட்க வேண்டும்? சில நாள் கழித்து அதே பிள்ளை அதே பதிலைத் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கோளாறு உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு எங்களுக்கான எல்லையை இங்கேயே காண வேண்டும். பாடசாலை மலசலகூடத்துக்குப் பயந்து காலை ஏழரை முதல் ஒன்றரை வரை அடக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். டொரொண்டோவின் 6 அவர்களுக்குப் பொருந்துமா?

கடைசிக் கேள்வி பெற்றோருக்கு. பிள்ளையின் மனதைப் பாதித்தது எது என்று புதிய வீடு, புதிய பாடசாலை என வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். மாரி வெள்ளத்துக்கு வீட்டை விட்டுப் போவதற்கு அதில் தனி இடமில்லை, "வேறு" என்பதில்தான் எழுத வேண்டும்.

இப்போதைய வடிவத்தில் இந்தப் படிவத்தை எவரும் தனியாக வீட்டில் நிரப்ப வேண்டாம். தாதி பக்கத்தில் இருந்தால் மட்டும் நிரப்புங்கள். வைத்தியர் 9ஐ வெட்டி 3 என்று எழுதி, தண்ணீரும் பழமும் கூட்டிக் கொடுத்து மலச்சிக்கலை முதலில் தீர்க்கச் சொன்னார். பிழையான இரண்டு கேள்விகளையும் மகள் பேசும் சொற்களில் திருத்தி எழுதித் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.